வாசலுக்கு வராத முத்து

எங்கள் ஜவுளிக்கடைக்கு வருகிற பெண்கள் யாரும் சேலையைக் கடைக்குள் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவளானாலும் சரி, இதே ஊரில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவளானாலும் சரி, பிடித்த சேலையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிடுவாள். நானும் பின்னாலேயே போவேன். வெயிலில் ஒரு மடிப்பை விரித்துப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே மாம்பழ நிறமாக இருந்தது வெளியே சாணி நிறமாகிவிடும். "உள்ள என்ன லைட்டைப் போட்டு ஏமாத்துதீய?" என்று என்னைத்தான் கேட்பாள், ஏதோ நான்தான் கடைக்குக் கரண்டு சப்ளை செய்கிற மாதிரி. இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்ததில், எந்த நிறம் எந்த வெளிச்சத்தில் எப்படி வேஷம் போடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட என் வீட்டில் இருந்த முத்துமாலை ஒரு தடவைகூட வாசலுக்கு வந்ததில்லை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது எனக்குத்தான் பொருந்தும்.

அது அம்மாவின் கல்யாண மாலை. இரண்டு சரம், நடுவில் பொன்னில் சின்னதாக ஒரு பதக்கம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அப்பா, தூத்துக்குடியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் வாங்கிக் கொடுத்தது. அப்பா போன பிறகு அம்மா அதைக் கழுத்தில் போடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் உள்ளறைக்குப் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு, பீரோவைத் திறந்து மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பழைய மல் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைப்பாள். அவளுக்கு அது ஒரு பூஜை மாதிரி.

நகை விஷயத்தில் அம்மாவுக்கு என்று தனிச் சட்டம் உண்டு. எந்த நகையும் பகல் வெளிச்சத்தில் வெளியே வரக்கூடாது. யார் கண்ணாவது பட்டுவிடும் என்பது ஒரு காரணம். முத்துக்கு வெயிலே ஆகாது, நீரோட்டம் வற்றிப்போகும் என்பது இன்னொன்று. முத்துக்குள் ஓடுகிற பளபளப்பைத்தான் நீரோட்டம் என்பாள். இதை யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. அந்தக் காலத்தில் கல்யாணங்களுக்குப் போட்டுப் போகும்போதுகூட சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். மண்டபத்துக்குள் போய், மஞ்சள் பல்புகளுக்குக் கீழே உட்கார்ந்த பிறகுதான் தலைப்பு விலகும்.

"பகல்ல பாத்தா என்னம்மா, முத்து எந்திரிச்சு ஓடிருமா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

"நீ சேலை விக்கவ. உனக்கு எல்லாத்தையும் வாசல்ல கொண்டுபோய் வச்சுத்தான் பாக்கணும்" என்பாள்.

வாழப்போன இடத்தில் சரிப்படாமல் சீக்கிரமே அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். பிள்ளைகள் இல்லை. அக்கா கல்யாணமாகிச் சென்னையில் இருந்தாள். அம்மாவும் நானும் ஒரே வீட்டில், ஒருத்தி சமைக்க ஒருத்தி கழுவ என்று ஒட்டிக்கொண்டு கிடந்தோம். சண்டைக்கும் குறைவில்லை. ஆனாலும் இந்த உலகத்தில் என்னைத் தப்பாக நினைக்காத ஒரே ஆள் அம்மா என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து வந்தவளைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசினார்கள். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. "வந்துட்டேல்லா, இரி" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலமும் தலை நிமிர்ந்து பஜாருக்கு நடந்தேன்.

அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது பீரோச் சாவி என் இடுப்புக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துத் துடைப்பதும் அத்தோடு நின்றது. புரை விழுந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா கேட்கவில்லை. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் இறங்கி வந்தாள். பேத்தி கழுத்தில் அந்த முத்துமாலையைத் தன் கையால் போட வேண்டும், போட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது அவளுடைய பெரிய ஆசை.

திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணுக்கும், கொஞ்ச நாள் விட்டு மற்றக் கண்ணுக்கும் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தேன். சொட்டு மருந்து விட வேண்டும். உள்ளறையில்தான் அம்மாவின் கட்டில். அங்கே தொங்கிய பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், சொட்டு கண்ணில் விழுகிறதா கன்னத்தில் விழுகிறதா என்றே தெரியவில்லை. கடையிலிருந்து வரும் வழியில் வெள்ளையாக எரிகிற எல்இடி பல்பு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். எரிகிற பல்பைத் தூக்கிப்போட மனசில்லாமல், பழையதைப் பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

புதுக் கண்ணோடு அம்மா ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. சுவர் இவ்வளவு வெள்ளையா என்றாள். அடுப்படிப் பாத்திரத்தில் இருந்த கறையை எல்லாம் கண்டுபிடித்து, இத்தனை நாளும் இதில்தான் எனக்குச் சோறு போட்டாயா என்று திட்டினாள். ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, இது நீலமா?"

"நீலந்தாம்மா. வாங்கும்போதே நீலந்தான்."

"நான் பச்சைன்னுல்லா நெனைச்சிட்டு இருந்தேன். இப்பத்தான்ட்டி எல்லாம் உள்ளது உள்ளபடி தெரியுது."

சிரித்துக்கொண்டே கடைக்குப் போனேன். அந்த வார்த்தையை அங்கேயே நிறுத்தி யோசித்திருக்கலாம். யோசிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா நகைகளை எடுத்துப்போக வந்தாள். காலையில் ரயிலை விட்டு இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டதும் அம்மா எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். வழக்கம்போல ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் லைட்டைப் போட்டேன். சாவியை என்னிடமிருந்து வாங்கித் தானே பீரோவைத் திறந்தாள். கண் மங்கிய பிறகு அவள் தன் கையால் திறப்பது அதுதான் முதல் தடவை. துணிப்பையிலிருந்து மாலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். விளக்கைப் பார்க்கத் திரும்பி, இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது என் முத்து இல்ல" என்றாள்.

அக்கா கையை நீட்டி வாங்கினாள். நானும் எட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கே அது வேறாகத்தான் தெரிந்தது. பாலில் கொஞ்சம் சந்தனம் கலந்த மாதிரி இருக்கும் எங்கள் முத்து. மடியில் வைத்தால் உள்ளிருந்து ஒரு சூடு தெரியும். இது சாம்பல் பூத்து, சுண்ணாம்புக் கட்டியை உருட்டி வைத்த மாதிரி இருந்தது.

"பதக்கம் நம்மளதுதான். முத்தை மட்டும் மாத்திக் கோத்திருக்கு" என்றாள் அக்கா. அவள் பேச்சு சென்னைக்குப் போய் எவ்வளவோ மாறியிருந்தது. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "சாவி யார்கிட்ட இருந்துச்சி?"

யாரிடம் இருந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"நான் தொட்டதுகூட இல்லக்கா. பீரோவைத் தொறந்து வெள்ளி விளக்கை எடுத்திருக்கேன், வச்சிருக்கேன். அம்புட்டுத்தான்."

"பஜார்லதான் வேலை. நகைக்கடைக்காரன் பூரா உனக்குத் தெரிஞ்ச மூஞ்சி. நான் வேற என்னத்தட்டி நெனைக்க?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு நன்றாகவே நீண்டது. அம்மாவைக் குளிப்பாட்டுவது நான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சுமந்தது நான், வருடத்துக்கு ஒரு தடவை ஆடித் தபசுத் திருவிழா பார்க்க வந்து போகிறவள் என்னைக் கள்ளி என்கிறாளா என்று கத்தினேன். இப்போதே பஜாருக்குக் கொண்டுபோவோம், எந்தக் கடையிலாவது கொடுத்து முத்து நிசமா பொய்யா என்று பார்க்கச் சொல்வோம் என்று மாலையைப் பிடுங்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஜார்ல போய் இதைக் காட்டுனா நாளைக்கு ஊரே சிரிக்கும். வேண்டாம். கண்ணு தெரியாம இருக்கும்போது நடந்தது, நடந்துபோச்சி." பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். "கஷ்டம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாட்டி."

கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள். மன்னிக்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். நான் அழுததையும் அவர்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அக்காவிடம் அம்மா வாக்கு வாங்கினாள். அக்கா மற்ற நகைகளை எடுத்துக்கொண்டு, முத்துமாலையைப் பீரோவிலேயே விட்டுவிட்டுப் போனாள். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து புதுக் கண்ணால் பேத்தியைப் பார்த்தாள். தாலி கட்டும்போது எல்லோரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முத்துமாலை இல்லாத பெண்ணின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. கண் தெரிந்த பிறகும், வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துப் பார்க்கிற வழக்கத்தை அவள் மறுபடி தொடங்கவில்லை. மற்றபடி என்னிடம் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. முன்பைவிடப் பிரியமாகவே இருந்தாள் என்று சொல்ல வேண்டும். கடையிலிருந்து வந்தால் காபி போட்டு வைத்திருப்பாள். "சாப்பிடுட்டி, மெலிஞ்சிட்டே" என்பாள். தப்புச் செய்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குகிற மகள் என்று அவள் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது. அந்த மகளுக்குத்தான் அந்தக் காபி. நான் அதைக் குடித்தேன்.

ஒருநாள் தாங்க முடியாமல் வெடித்துவிட்டேன். "வாம்மா கோயிலுக்கு. அம்மன் சன்னதியில சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுதேன். அப்பமாவது நம்புவியா?"

சட்டென்று அம்மா எழுந்து வந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"சத்தியம் கித்தியம்னு வாயில வரக்கூடாது. பொய்ச் சத்தியம் பண்ணவங்களை அம்மன் சும்மா விட மாட்டா. எனக்கப்புறம் உனக்குன்னு யாருட்டி இருக்கா? உனக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?"

அவ்வளவு பயம், என்மேல் அவ்வளவு பாசம். அந்தக் கைக்குப் பின்னால் என் வாய்க்குள் இருந்த உண்மை அப்படியே நின்றுவிட்டது. பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த ஆடியில், முழங்கால் வலியோடு, அம்மா கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டாள். தினை மாவு இடித்து, வெல்லம் பிசைந்து, எல்லாம் தானே செய்தாள். என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை. சன்னதியில் கூட்டம் நெருக்கியதால் அவளை ஒட்டி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "தாயே, எம் பிள்ளை தெரியாம செஞ்சிட்டா. அவமேல கோவத்தை வச்சிராத. இருந்தா என்மேல வச்சிக்கோ." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. வெளியே வந்து, அவள் பிய்த்துக் கொடுத்த மாவிளக்கை வாங்கித் தின்றேன்.

அடுத்த ஆடியைப் பார்க்க அம்மா இல்லை. மாரடைப்பு என்றார்கள். அதிகாலையில் காபி போட எழுந்தவள் அடுப்படியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு, அக்கா அதை என் பக்கம் தள்ளி வைத்தாள். "இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இப்போதுவரை எனக்குத் தெரியாது. சாவியை ஆணியில் மாட்டினேன். பீரோவைத் திறக்கவில்லை. அந்த அறைப் பக்கம் போவதற்கே மனசு கூசியது.

வருடத் திவசத்துக்கு அக்கா வந்தாள். பூஜைக்கு வெள்ளி விளக்கு வேண்டும், அது பீரோவில் இருக்கிறது. உள்ளறையில் லைட்டைப் போட்டேன். மாதக்கணக்கில் போடாத பல்பு இரண்டு தடவை மினுங்கிவிட்டு அணைந்துபோனது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால், அம்மா சாத்திச் சாத்தி அது துருப்பிடித்து இறுகியிருந்தது. அய்யர் வருகிற நேரம். பல்பு வாங்க யார் ஓடுவது? பரணில் பழைய குண்டு பல்பு இருப்பது ஞாபகம் வந்தது. எடுத்துத் தூசி தட்டி மாட்டினேன். அறை மஞ்சளாகியது. சமையலைக் கவனிக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. போய்ப் பார்த்தால், வெள்ளி விளக்கைக் கட்டிலில் வைத்துவிட்டு முத்துமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாலில் சந்தனம் கலந்த அதே நிறம். உள்ளிருந்து தெரிகிற அதே சூடு. அம்மாவின் முத்து.

என்னால் நம்ப முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டியாட்டி?" அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "நல்லதுட்டி. அம்மா இருக்கும்போதே வச்சிருக்கலாம். போகுது, இப்பமாவது மனசு வந்துச்சே. எங்கன இருந்துச்சி, என்ன பாடுபட்டு மீட்டேன்னு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

தலைக்கு மேல் எரிந்த பல்பைப் பார்த்தேன். அதைப் பார்த்த கணத்தில் கடையும் வாசலும் மாம்பழச் சேலையும் சேர்ந்து எனக்குள் இடித்தன. மாலையை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து, வீட்டு நடுவில் வெள்ளை டியூப்லைட் எரிகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். முத்து சாம்பலாகியது. சுண்ணாம்புக் கட்டி. அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். திரும்ப உள்ளறைக்கு இழுத்துப் போனேன். சந்தனம். மறுபடி வெளியே. சுண்ணாம்பு. அப்படியே வாசலுக்குக் கொண்டுபோய், வாடிக்கைக்காரிக்குச் சேலையை விரிக்கிற மாதிரி வெயிலில் நீட்டிப் பிடித்தேன்.

அந்த முத்துகள் வெயிலைப் பார்த்தது அன்றைக்குத்தான். மஞ்சளுமில்லை, சாம்பலுமில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் லேசாக ஒரு ரோஸ் நிறம் ஓடியது. நீரோட்டம் ஒன்றும் வற்றவில்லை. நாங்கள் யாரும் இதுவரை பார்க்காத நிறம் அது. அம்மாவும் பார்த்ததில்லை.

மஞ்சள் பல்பு, அதன்மேல் கண்ணில் வளர்ந்த புரை, இரண்டின் வழியாகவும் பார்த்துப் பார்த்து அவள் மனதில் ஒரு முத்து இருந்தது. ஒரே மாதத்தில் புரையை எடுக்கக் கூட்டிப்போனதும் நான், பல்பை மாற்றியதும் நான். அக்காவிடம் இதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலை மண்ணில் புரண்டது.

"அம்மாட்ட சொல்லணுமேட்டி" என்று அழுதாள். "அம்மாட்ட யாரு சொல்ல?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிக்கச் சொன்னாள். அவளை மன்னிப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. அம்மா சொன்னதை நம்பினாள், அவ்வளவுதானே. நானாக இருந்தாலும் அம்மா சொன்னதைத்தான் நம்பியிருப்பேன்.

திவசம் முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்தபோது அக்கா சொன்னாள், "சாயந்தரம் கோயிலுக்குப் போவோம். அம்மன்கிட்டயாவது நீ எடுக்கலைன்னு சொல்லிட்டு வருவோம். நானே சொல்லுதேன்."

அவள் மட்டும் போய் வந்தாள். நான் போகவில்லை. அம்மா முழங்கால் வலியோடு போய், மாவிளக்குப் போட்டு, என் பெயரைச் சொல்லி அங்கே மன்னிப்பு வாங்கி வைத்திருக்கிறாள். அதே சன்னதியில் போய் நின்று நான் எடுக்கவே இல்லை என்று சொன்னால், அம்மா சொன்னது பொய்யாகிவிடும். அம்மன் முன்னால் அவளைப் பொய்க்காரியாக்க எனக்கு வாய் வரவில்லை.